விருந்தினருக்கு ஒரு வீடு



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் குடும்பங்களில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு எழுகிறது. "கேமரன் மலைக்குப் போய், இரண்டு ராத்திரிக்கு ஒரு வீடு எடுத்துத் தங்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது ஹோட்டல் அறை அன்று. அடுப்பு, பானை, கட்டில், போர்வை எல்லாம் உள்ள முழு வீடு. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூன்றாம் நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இதை நாம் எல்லோரும் 'ஹோம்ஸ்டே' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் சரியா, தவறா என்பதைப் பிறகு பார்ப்போம்.

சில நாள் தங்கிப் போகிறவர்களுக்கென்று ஒரு வீட்டை ஆயத்தம் செய்து வைக்கும் வழக்கம் நம் நாட்டில் எப்படி வந்தது? அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? வீடு யாருக்குச் சொந்தமாக இருந்தது? இந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மூன்றாவது கேள்வியை மட்டும் மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'புதுமை' என்பதாகும். நம் வாசலுக்குப் புதிதாக வந்தவரே விருந்தினர். அவரிடம் காசு வாங்குவது என்ற எண்ணமே அந்தச் சொல்லில் கிடையாது. வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதை நம் முன்னோர் தருமமாகக் கருதினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்தவர் என்று பெயர் பெற்றவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரத்தை, அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். சரபோஜி மன்னர் காலத்து ஒரத்தநாடு சத்திரம் அவற்றில் புகழ் பெற்றது. யாத்திரிகர்களுக்கு அங்கே சோறு போட்டார்கள்; நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள்; பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். தங்கியதற்கு வாடகை வாங்கவில்லை.

வாடகை வாங்கும் வழக்கத்தை நம்மிடையே பரப்பியது வெள்ளைக்காரர் ஆட்சி. இந்தியாவில் தபால் போகும் சாலைகளில் கும்பினியார் சிறு சிறு பங்களாக்களைக் கட்டினார்கள். அவற்றுக்கு 'டாக் பங்களா' என்று பெயர். 'டாக்' என்றால் இந்தியில் தபால். ஒவ்வொரு பங்களாவிலும் 'கான்சாமா' என்ற சமையற்காரர் ஒருவர் இருப்பார். வருகிறவர் ஒரு புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும்; குறிப்பிட்ட கட்டணம் கொடுக்க வேண்டும்; குறை இருந்தால் அதையும் அந்தப் புத்தகத்திலேயே எழுதலாம். ஊரில் யாரையும் தெரியாத ஒரு மனிதர், காசு கொடுத்து ஒரு இரவுக்கு ஒரு வீட்டைத் தன் வீடாக ஆக்கிக்கொள்ளும் ஏற்பாடு அங்கேயே ஒழுங்காக அமைந்துவிட்டது. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பெயர்ப் பதிவு, கட்டணம், குறை எழுத ஓர் இடம்!

அதே ஏற்பாடு மலாயாவுக்கும் வந்தது. ஜில்லா அதிகாரிகள் ஊர் ஊராகச் சுற்றிவர வேண்டியிருந்ததால் அரசாங்கம் பல ஊர்களில் 'ரெஸ்ட் ஹவுஸ்' கட்டியது. வேலையாக வரும் அதிகாரிக்கு முதல் உரிமை. இடம் மிஞ்சினால்தான் மற்றவருக்கு. அந்த விடுதிகள் பலவற்றில் சமையலும் மேற்பார்வையும் ஹைனானியச் சீனர்கள் கையில் இருந்தன. பிற்காலத்தில் பல மூடப்பட்டன. சில குத்தகைக்கு விடப்பட்டன. நம் பெரியவர்கள் சிலருக்கு இன்றும் 'ரெஸ்டவுஸ்' என்றால் அங்கே கிடைத்த கோழி வறுவல்தான் ஞாபகம் வரும்.

நம் கதை சூடு பிடிப்பது மலைகளில்தான். சமவெளி வெயிலும் காய்ச்சலும் வெள்ளைக்காரரை வாட்டின. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல் காட்டினார். அதற்கு முன் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே நம்பினார்கள். ஆகவே நோய் தீர்ந்து உடம்பு தேற வேண்டுமானால் குளிர்ந்த மலைக்காற்று வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சொந்த ஊருக்குப் போகும் நீண்ட விடுமுறை சில வருடங்களுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இடையில் இளைப்பாற இந்த நாட்டிலேயே ஒரு குளிர் இடம் தேவைப்பட்டது.

பினாங்கில் பிரான்சிஸ் லைட் 1786-இல் இறங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, நாம் கொடிமலை என்று சொல்லும் மலைக்குப் பாதை வெட்டிவிட்டார்கள். குதிரை மீது போனவர்கள் சிலர். டோலியில் உட்கார்ந்து, மனிதர் தோள் மேல் ஏறிப் போனவர்கள் சிலர். மலை ரயில் 1923-இல்தான் ஓடத் தொடங்கியது. தைப்பிங்கில் உள்ள மெக்ஸ்வெல் மலை 1884-இல் ஏற்பட்டது. 1979-இல் அதற்கு லாருட் மலை என்று பெயர் மாற்றினார்கள். பிரேசர் மலை 1922-இல் திறந்தது. கேமரன் மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் 1885-இல் அந்தப் பகுதியை அளக்கப் போனவர். ஆனால் நாற்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1925-க்குப் பிறகே அங்கே வேலை சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர் சடக்கு 1931-இல் முடிந்தது.

அந்தச் சடக்கில் இன்று நாம் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறுகிறோம். வளைவுகளை எண்ணிப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட சடக்குகளில் கல் உடைத்தவர்கள், தார் காய்ச்சியவர்கள் யார் என்று கேட்கிறவர்கள் குறைவு. மலாயாவில் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் கைவேலை செய்தவர்களில் தமிழர்கள் பெரும்பான்மையினர். கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது கொழுந்து கிள்ள வந்தவர்களும் நம்மவர்கள்தாம்.

ஊரைத் திறந்தாயிற்று, சடக்குப் போட்டாயிற்று. பங்களாவும் கட்டியாயிற்று. இனி அதை விருந்தினருக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசப் போகிறேன். சரித்திரப் புத்தகங்கள் கவர்னர் எப்போது வந்தார் என்று எழுதும்; அவர் படுத்த மெத்தையை வெயிலில் போட்டது யார் என்று எழுதுவதில்லை.

மலை பங்களாவை ஆயத்தம் செய்வது என்றால் கூட்டிப் பெருக்குவது மட்டுமன்று. மலையில் முதல் எதிரி ஈரம். மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் தோல் செருப்பில் பச்சைப் பூசணம் படியும்; மெத்தை நாறும்; அலமாரிக் கதவு உப்பிக்கொண்டு திறக்காது. ஆகவே விருந்தினர் வருவதற்கு முன்பே சன்னல்களைத் திறந்து விட வேண்டும். வெயில் தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் வெளியே கொண்டு வந்து உலர்த்தி, மேகம் திரும்புவதற்குள் உள்ளே கொண்டு போக வேண்டும். கணப்படுப்பில் முதல் நாளே நெருப்பு மூட்டி அறைகளைக் காய வைக்க வேண்டும். அதற்கு விறகு காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர விறகு அறை முழுதும் புகையை நிரப்பிவிடும். ஆகவே வாரக் கணக்கில் முன்னதாகவே விறகைப் பிளந்து, கூரைக்கடியில் அடுக்கி வைப்பார்கள். இது ஓர் ஆளின் வேலை.

தண்ணீர் இன்னோர் ஆளின் வேலை. குழாய் வராத காலத்தில் குளிக்கச் சுடுதண்ணீரை மண்ணெண்ணெய்த் தகரத்தில் காய்ச்சிக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்து பங்களாக்களில் குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு வைத்திருந்தார்கள். மலச்சட்டி எடுக்க வரும் தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கான கதவு அது. பழைய பங்களாக்களுக்குப் போனால் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள். சில இடங்களில் அந்தக் கதவு இன்றும் இருக்கும். விருந்தினருக்கு எத்தனை வசதி செய்தார்கள் என்பதையும், வேலையாளை எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் அந்த ஒரு கதவே காட்டிவிடுகிறது.

சமையலறை பங்களாவோடு ஒட்டி இருக்காது. புகையும் நெருப்பும் வராமல் பின்னால் தனியாகக் கட்டி, நடுவில் கூரை போட்ட நடைபாதை வைப்பார்கள். ஆட்கள் தங்கும் அறைகளும் அந்தப் பக்கம்தான். கோழி வறுவலும் ரொட்டியும் சீனச் சமையற்காரர் கையில் என்றாலும் தமிழ்நாட்டுச் சமையலும் துரைமார் மேசையில் ஏறியிருந்தது. நம் வீட்டில் சளிக்கு வைக்கும் மிளகுத்தண்ணீர், அவர்கள் வாயில் 'மல்லிகட்டானி' ஆகி, வெள்ளிக் கிண்ணத்தில் சூப் என்று போயிற்று. நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

பலகைத் தரையில் மெழுகு தடவி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்துத் தேய்ப்பார்கள். ஓர் ஆள் அந்த மட்டை மேல் நின்று முன்னும் பின்னுமாக அசைந்து அசைந்து போவது நடனம் போல இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். முகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்க வேண்டும். விளக்குக் கண்ணாடியைச் சாம்பலால் துடைக்க வேண்டும். விரல் நுழையாத இடத்துக்குக் குச்சியில் துணி சுற்றுவார்கள்.

துணி டோபியிடம் போகும். பல வீட்டுத் துணி ஒரே இடத்தில் வெளுக்கப்படும்போது கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக அந்தக் குறியைப் போடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. எழுதப் படிக்கத் தெரியாத டோபி நூறு வீட்டுத் துணியையும் அந்தக் குறிகளைக் கொண்டு பிரித்துவிடுவார். பள்ளிக்கூடத்து வாத்தியாரான எனக்கே, நாற்பது பிள்ளைகளின் நோட்டுகளைப் பெயர் பார்த்துப் பிரிக்கும்போது சில நாள் தவறிவிடுகிறது.

கடைசியாகச் சாமான் பட்டியல். எத்தனை தட்டு, எத்தனை கரண்டி, எத்தனை போர்வை என்று ஒரு காகிதத்தில் இருக்கும். விருந்தினர் வந்ததும் எண்ணிக் காட்ட வேண்டும். போகும்போதும் எண்ண வேண்டும். பங்களாவில் வேலை பார்த்த ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "தங்க வந்தவங்க போற அன்னைக்கு எனக்குக் கை நடுங்கும், வாத்தியாரே. கரண்டி குறைஞ்சா யாரைக் கேப்பாங்க? என்னைத்தானே கேப்பாங்க." அவர் வேலை பார்த்த பங்களா எது என்று நான் சொல்லப் போவதில்லை. கோப்பை உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம். உடைத்தவர் விருந்தினராகவே இருந்தாலும் அப்படித்தானாம்.

பார்த்தீர்களா, நேயர்களே? ஈரம் போக்குதல், படுக்கை, தண்ணீர், விளக்கு, தரை, துணி, பட்டியல். இன்றைக்கு ஒரு வீட்டை விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விட நினைப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவேதான். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டன. சலவை இயந்திரம் வந்துவிட்டது. வேலையின் வரிசை அப்படியே இருக்கிறது. அந்த வேலை நம் ஆட்களுக்கு நூறு வருடமாகக் கைவந்த வேலை.

இந்த மலைகள் சரித்திரத்திலும் இடம் பிடித்தன. அவசரகாலத்தின்போது, 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சனி ஞாயிறு ஓய்வுக்காகப் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காக அங்கே ஒரு வீடு தயாராகக் காத்திருந்தது. அவர் போய்ச் சேரவில்லை. 1967 மார்ச் 26-ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டுத் துணி வியாபாரத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், கேமரன் மலையில் நண்பர் பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது மாலை உலாவப் போனவர் திரும்பவே இல்லை. எத்தனையோ பேர் தேடியும் இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை. அந்தப் பங்களாவுக்கு இன்றைக்கும் அவரால்தான் பெயர்.

1957-இல் சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரர்கள் மெல்ல மெல்லப் போனார்கள். மலை பங்களாக்கள் அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் பணக்காரர்களுக்கும் கைமாறின. மேல் உத்தியோகத்தர் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு விடுமுறைக்குப் போய்த் தங்கின. பின்னால் பல பங்களாக்கள் காசு கொடுக்கும் யாருக்கும் திறந்தன. சுத்தம் செய்கிறவரும் தோட்டக்காரரும் மாறவில்லை. அல்லது, அவர்கள் பிள்ளைகள் அந்த வேலைக்கு வந்தார்கள்.

இனி 'ஹோம்ஸ்டே' என்ற பெயருக்கு வருகிறேன். 1970-களில் பகாங் கடற்கரையில் செராத்திங் என்ற மீனவக் கம்பத்துக்கு, முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றும் வெளிநாட்டு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். அந்தக் கம்பத்து மலாய்ப் பெண்மணி ஒருவர் தம் வீட்டில் அவர்களுக்கு இடம் கொடுத்து, காலைப் பசியாறலும் இரவுச் சாப்பாடும் போட்டார். நம் நாட்டு ஹோம்ஸ்டேயின் தொடக்கம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அவரிடம் முதல் என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தது ஒரு வீடும் ஓர் அடுப்பும்.

1995-இல் அரசாங்கம் அதை ஒரு திட்டமாக்கியது. பகாங், தெமெர்லோ பக்கம் உள்ள தேசா மூர்னியில் அதைத் தொடங்கி வைத்தார்கள். அதன் முறைப்படி ஹோம்ஸ்டே என்றால், விருந்தினர் வீட்டுக்காரர் குடும்பத்தோடு சேர்ந்து தங்க வேண்டும். அவர்களோடு சாப்பிட வேண்டும். கம்பத்து வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். விருந்தினருக்குத் தனிப் படுக்கையறை வேண்டும்; கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும்; வீட்டுக்காரர் மேல் குற்றப் பதிவு இருக்கக் கூடாது; பயிற்சி பெற வேண்டும்; அமைச்சில் பதிய வேண்டும். ஆகவே, வீட்டுக்காரர் வேறெங்கோ இருக்க, சாவியை மட்டும் வாங்கித் தங்கும் வீட்டை ஹோம்ஸ்டே என்பது பேச்சுவழக்கே தவிர, முறையான பெயர் அன்று. அதைக் குறுகிய கால வாடகை வீடு என்பதே சரி.

கம்பத்து மக்கள் இந்தத் திட்டத்தால் பயன் அடைந்தார்கள். பால்மரத் தோட்டத்துக்காரருக்கோ எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காரருக்கோ வேலை தெரியாதா? சோறு போடத் தெரியாதா? நம் கோயில் திருவிழாவைப் பார்க்க வெளிநாட்டார் வரமாட்டார்களா? எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்று. கம்பத்துக்காரர் நின்றது தம் நிலத்தில், தம் வீட்டில். நாம் நின்றது லயத்தில்.

லயம் முதலாளியுடையது. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் சட்டி பானையோடு சடக்குக்கு வந்தன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அது பெரிய காரியம், ஐயமில்லை. ஆனாலும் தோட்டத்தில் பங்குதாரர் என்பதும் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதும் ஒன்றல்ல. 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கும்படி அது சொல்லவில்லை.

1995-ஆம் ஆண்டை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தேசா மூர்னியில் கம்பத்து வீடுகள் விருந்தினருக்குக் கதவு திறந்த அதே ஆண்டில், புத்ராஜெயாவைக் கட்டும் வேலை தொடங்கியது. அந்த நகரம் எழுந்த இடம் பிராங் புசார் தோட்டம். 'மகா யுத்தம்' என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள்; முதல் உலகப் போரில் சண்டையிட்ட பட்டாளத்துக்காரர்கள் திறந்த தோட்டம் அது. அதிலும் அருகே இருந்த தோட்டங்களிலும் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. ஒரே ஆண்டு. ஓர் ஊரில் வீடு வருமானம் ஆயிற்று. இன்னோர் ஊரில் வீடே கைவிட்டுப் போகத் தொடங்கியது. நான் இதைப் பள்ளியில் சொல்லும்போது கரும்பலகையில் இரண்டு ஊர்ப் பெயரையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுச் சும்மா நின்றுவிடுவேன். பிள்ளைகள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள்.

இலங்கை மலையகத்திலும் நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்கள் உண்டல்லவா? அங்கே பொகவந்தலாவைப் பக்கத்தில் பழைய துரைமார் பங்களாக்கள் சிலவற்றை 2005-இல் பணக்காரப் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாற்றினார்கள். அவற்றுள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடமும் உண்டு. தரையைப் புதுப்பித்து, குளியலறைகளைச் சீர் செய்து, தோட்டத்தை அழகுபடுத்தி, தேயிலை கிள்ளுவதைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை தருகிறார்கள். அந்த மலைகளில் கொழுந்து எடுக்கும் குடும்பங்கள் பல இன்றும் லயன் அறைகளிலேயே இருக்கின்றன. காட்சி விற்பனையாகிறது; காட்சியில் நிற்பவருக்குக் கூலிதான். விடுதியில் சிலருக்கு நல்ல வேலை கிடைத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

இப்போது நம்மில் பலர் தோட்டத்தை விட்டு வந்து, தாமானில் ஒரு வீடு, மாடிக் குடியிருப்பில் ஒரு வீடு என்று வாங்கியிருக்கிறோம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 2007-இல், வாடகை கட்டத் திண்டாடிய இரண்டு இளைஞர்கள் தங்கள் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஏர்பிஎன்பி' இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "நம் வீட்டையும் இப்படி விடலாமே" என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் மாடிக் குடியிருப்பில் வீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூர் மோன்கியாரா குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. குறுகிய கால வாடகைக்கு விடக்கூடாது என்று நிர்வாகக் கழகம் விதி செய்தால் அந்த விதி செல்லும் என்பதே தீர்ப்பு. அதாவது கிராண்ட் உங்கள் பெயரில் இருந்தாலும், கழகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளாமல் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போடாதீர்கள். ஊராட்சி மன்றத்தின் விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால் அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்கி மெத்தை போட்ட பிறகு விசாரிப்பது, மழை விட்ட பிறகு ஓலை வேய்வது போல.

தோட்டத்து லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீட்டை வெளியாருக்கு வாடகைக்கு விடும் உரிமை உங்களுக்கு இல்லை. யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கையில் ஊழியர் சேமநிதிப் பணம் வரும்போது கல்யாணத்துக்கும் காருக்கும் முன்னால் வீட்டு முன்பணத்தை எண்ணிப் பாருங்கள். சேமநிதியில் வீட்டுக்கென்றே பணம் எடுக்க வழி இருக்கிறது. கிளை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பங்களாவில் வேலை பார்த்த பாட்டி, தாத்தா யாராவது இருந்தால், பிள்ளைகளே, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மலை, எந்த ஆண்டு, என்ன சம்பளம், மெத்தையை எங்கே உலர்த்தினார்கள், கரண்டி எத்தனை இருந்தது, துணியில் சேங்கொட்டையால் என்ன குறி போட்டார்கள் என்று கேளுங்கள். அந்தக் குறி அவர்களுக்கு ஞாபகம் இருந்தால், அதை அப்படியே நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.